கோழிக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் யாரிடமாவது போய், "ஏனுங்க அண்ணா, எதுக்கு இத்தனை கொட்டகை? குஞ்சு, வளர்ற கோழி, முட்டை போடற கோழி, சீக்கு வந்த கோழி எல்லாத்தையும் ஒண்ணா விட்டுட்டா தீவனம் போட வசதியா இருக்குமுங்களே" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காபி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுவார்.

அவருக்குத் தெரியும். வெள்ளைக் கழிச்சல் ஒரு கொட்டகையில் நுழைந்தால் அது அந்தக் கொட்டகையோடு நிற்க வேண்டும். அதற்காகத்தான் குஞ்சுக் கொட்டகை தள்ளி இருக்கிறது. வாசலில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. முட்டை ஏற்ற வரும் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கிறார்கள். பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த அட்டைத் தட்டை உள்ளே விடமாட்டார்கள். சொந்த மச்சான் வந்தால்கூட ஆபீஸ் அறையோடு சரி, கொட்டகைக்குள் அனுமதி இல்லை.

இப்போது அதே பண்ணையின் ஆபீஸ் அறைக்குள் வாருங்கள். மேசைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். அதில் கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டர், டாலி சர்வர், பத்துப் பதினாறு கேமரா, அவற்றின் டி.வி.ஆர்., தீவன ஆலையின் எடைமேடை, கொட்டகை விசிறியை ஓட்டும் கண்ட்ரோலர், முதலாளி மகனின் கேம் விளையாடும் லேப்டாப், வந்து போகிறவர்களுக்கான வைஃபை எல்லாம் ஒரே கொட்டகையில். வைஃபை பாஸ்வேர்டு சுவரிலேயே ஒட்டியிருக்கும்.

கோழிக்குத் தெரிந்த நியாயம் கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை? இந்தப் பதிவு முழுக்க அந்தக் கோபம்தான். பண்ணையை மட்டும் சொல்லவில்லை. சேலத்து ஆஸ்பத்திரிகள், நாமக்கல் விடுதிப் பள்ளிகள், திருச்செங்கோட்டு ரிக் கம்பெனிகள், செவ்வாய்ப்பேட்டை மண்டிகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, 2020 ஜனவரி 31 அன்று சுமார் 78 ஆயிரம் பேரோடு விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன் நான். விற்க என்னிடம் எந்தப் பெட்டியும் இல்லை. ஆகவே கொஞ்சம் உரக்கவே பேசலாம்.

முதலில் விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்கு. விலேன் என்பது விர்ச்சுவல் லேன். ஒரே ஸ்விட்ச் பெட்டியை உள்ளுக்குள் பல பெட்டிகளாகப் பிரித்து வைப்பது. 24 ஓட்டை உள்ள ஸ்விட்சில் 1 முதல் 8 வரை கணக்குப் பிரிவு, 9 முதல் 16 வரை கேமரா, 17 முதல் 20 வரை விருந்தாளி வைஃபை என்று எண் போட்டு எழுதிவிட்டால், கேமராவும் கணக்குக் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில் செருகப்பட்டிருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் ரூட்டர் என்ற வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று நாம் சட்டம் எழுதி வைக்கலாம்.

இது புது மருந்தும் அல்ல. 1980களிலேயே அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி என்பவர் இந்த யோசனையில் வேலை செய்தார். 1998இல் 802.1க்யூ என்ற பெயரில் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு இதைப் பொதுத் தரமாக வெளியிட்டது. அதாவது கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வருஷம் பிறந்த குழந்தை இன்று கல்யாணம் முடித்துக் கைக்குழந்தையோடு இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமே அல்ல என்பதுதான் என் வாதம். பார்சல் சர்வீஸ் லாரியைப் பாருங்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரே லாரியில் ஐம்பது பார்ட்டியின் சரக்கு போகிறது. கலந்துவிடுகிறதா? இல்லை. ஒவ்வொரு மூட்டையிலும் மார்க் போட்டிருக்கிறது. இறங்கும் இடத்தில் மார்க்கைப் பார்த்து அவரவர் குடோனுக்குப் பிரித்துவிடுகிறார்கள். விலேனும் அதேதான். இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் போகும் ஒரே கேபிளில் எல்லாப் பிரிவின் தகவலும் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படும். அந்தச் சீட்டில் 12 பிட் பிரிவு எண்ணுக்கு. கணக்குப் போட்டால் 4,096. அதில் முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை போக 4,094 பிரிவுகள். நாலாயிரம் கொட்டகை கட்ட இடம் இருக்கிறது, நம் ஆட்கள் ஒன்றில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கேபிளுக்கு ட்ரங்க் என்று பெயர். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கும் இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் பலருடைய பேச்சைச் சுமந்து போகும் பாதைதான் ட்ரங்க். சேலத்து மாமியார் பேச்சு ஈரோட்டு மருமகளுக்குத்தான் போக வேண்டும், கரூர் மண்டிக்காரர் காதில் விழக்கூடாது. எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். என்ற பெரிய சட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பி ஜோடிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் வரி. "எல்லாக் கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடு, டயல் டோன் வந்தால் போதும்" என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார்கள். இன்று அதைச் செய்துவிட்டு, பில்லும் போட்டு, ஜி.எஸ்.டி.யும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

உங்கள் வீட்டிலேயே விலேன் இருக்கலாம். பி.எஸ்.என்.எல். ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் விலேன் ஐ.டி. என்றொரு கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இணையத்துக்கு ஒரு எண், தொலைபேசிக் குரலுக்கு வேறு எண். மாதம் சில நூறு ரூபாய் கட்டும் வீட்டு இணைப்புக்கே பிரித்துத்தான் தருகிறார்கள். இருநூறு படுக்கை ஆஸ்பத்திரிக்கு மட்டும் தேவையில்லையாம்.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையைப் பாருங்கள். 2022 நவம்பர் 23 காலை அங்கே சர்வர்கள் முடங்கின. புறநோயாளி பதிவு, உள்நோயாளி சேர்க்கை, ஆய்வக முடிவு எல்லாம் கைப்பட எழுதும் காலத்துக்குத் திரும்பிப் போயின. ஏறக்குறைய இரண்டு வாரம் இந்தியாவின் முதல் மருத்துவமனை காகிதத்தில் ஓடியது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. காரணம் என்ன என்று பின்னர் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகச் சொன்னது: நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படவில்லை. வேறு பெரிய ரகசியம் எதையும் அந்தப் பதிலில் காரணமாகச் சொல்லவில்லை. பீகாரிலிருந்து ரயிலில் வந்து விடியற்காலை வரிசையில் நின்ற நோயாளி அந்தப் பிரிக்காத நெட்வொர்க்கின் விலையைக் கொடுத்தார்.

இதற்கு எதிர்ப்பக்கம் நம் மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பான கணினியில் தீய மென்பொருள் என்று செய்தி வந்தது. முதல் நாள் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: ஆமாம், இணையத்தோடு இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்தது; செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் அமைப்பு தெரிவித்தது; ஆனால் முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதலில் மறுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று நாட்டுக்குச் சொல்ல ஒரு ஆறுதல் வாக்கியம் இருந்ததற்குக் காரணம், பிரித்து வைத்திருந்ததுதான். அணு உலைக்கு விலேன் போதாது, கம்பியே தனியாக இருக்க வேண்டும். அது வேறு மட்டம். கொள்கை ஒன்றுதான்: ஒரு கொட்டகையில் சீக்கு வந்தால் அடுத்த கொட்டகைக்குப் போகக்கூடாது.

இதையெல்லாம் சொன்னால் நம்மூரில் ஐந்து பதில்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: "நம்மள யாருங்க சார் தாக்கப் போறாங்க? நாம என்ன அமெரிக்காக் கம்பெனியா?"

2016இல் மிராய் என்ற மென்பொருள் உலகம் முழுக்க என்ன செய்தது தெரியுமா? அது யாருடைய முகவரியையும் பார்க்கவில்லை. இணையத்தில் தெரிகிற கேமரா, டி.வி.ஆர்., ரூட்டர் எல்லாவற்றின் கதவையும் தட்டியது. கம்பெனி போட்டுக் கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் அறுபதுக்கு மேல் ஒரு பட்டியலாக அதன் கையில் இருந்தது. எது திறந்ததோ அதற்குள் புகுந்தது. அப்படிச் சேர்த்த பெட்டிகளை வைத்து அக்டோபர் 21 அன்று டின் என்ற கம்பெனியைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே தடுமாறின. திருடன் உங்கள் அந்தஸ்தைப் பார்த்து வருவதில்லை. பூட்டாத வீடாகப் பார்த்து வருகிறான். உங்கள் டி.வி.ஆர். கணக்குக் கம்ப்யூட்டரோடு ஒரே கொட்டகையில் இருந்தால், டி.வி.ஆரில் நுழைந்தவனுக்கு அடுத்த கதவே இல்லை.

இரண்டாவது பதில்: "ஃபயர்வால் போட்டிருக்கோமுங்க."

ரொம்பச் சந்தோஷம். ஃபயர்வால் என்பது பண்ணை வாசல் கேட். வாசல் வழியாகப் போவதை அது பார்க்கும். ஒரே லேனுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வாசலுக்கே வராது, ஸ்விட்சோடு முடிந்துவிடும். ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்த சீக்கு, பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பரவும்போது உங்கள் லட்ச ரூபாய் ஃபயர்வால் வாசலில் நின்று வெளியே போகும் லாரியை எண்ணிக்கொண்டிருக்கும். விலேன் பிரித்து, பிரிவுக்குப் பிரிவு போகிற வழியை அந்த ஃபயர்வால் வழியாகத் திருப்பினால்தான் கொடுத்த காசுக்கு அது வேலை செய்யும்.

மூன்றாவது பதில்: "விலேன் போட்டா பிரிண்டர் வராதுங்க, சாப்ட்வேர் வேலை செய்யாதுங்க."

உண்மைதான். பிரித்தால் சில விஷயங்கள் நிற்கும். அப்போது எது எதனோடு பேச வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, அதை மட்டும் அனுமதிக்க வேண்டும். பில்லிங் கம்ப்யூட்டர் சர்வரோடு பேசட்டும். எல்லாரும் பிரிண்டரோடு பேசட்டும். கேமரா கணக்கு சர்வரோடு என்ன பேசப் போகிறது? பிரிண்டர் வரவில்லை என்று நாலு நாள் தொந்தரவு வரும். அந்த நாலு நாள் வேலைதான் இந்த வேலையே. அதைத் தவிர்ப்பதற்காகப் பிரிக்காமல் விடுகிறவர், கேட் திறந்து மூடக் கைவலிக்கிறது என்று வேலியைப் பிடுங்கிப் போடுகிறவர்.

நான்காவது பதில்: "அதெல்லாம் ரொம்பக் கஷ்டமுங்க, பெரிய இன்ஜினியர் வரணும்."

கஷ்டமா? சிஸ்கோ வகை ஸ்விட்சில் கேமராவைத் தனியாக்க அடிக்க வேண்டிய கட்டளை மொத்தமே இவ்வளவுதான். தமிழ் எழுத்திலேயே தருகிறேன்:

விலேன் 20
நேம் கேமரா
இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 0/9 - 16
ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்
ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலேன் 20

ஐந்து வரி. அடுத்த ஸ்விட்சுக்குப் போகும் கேபிளுக்கு:

இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/24
ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்
ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் நேட்டிவ் விலேன் 999
ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலேன் 10,20,30

இதே நான்கையும் அந்தப் பக்கத்து ஸ்விட்சிலும் அடிக்க வேண்டும். இரண்டு முனையும் ஒத்துப்போகாவிட்டால் சரக்கு இடம் மாறும். விலை குறைந்த ஸ்விட்சுகளில் இதுவும் வேண்டாம், பிரவுசரில் கட்டம் கட்டமாக டிக் அடித்தால் போதும். கேமராப் பிரிவுக்குத் தனி ஐ.பி. வரிசை கொடுத்து ரூட்டரில் அதற்கொரு வாசலும் சட்டமும் வைக்க வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு சின்ன ஆபீசுக்கு ஒரு நாள் வேலை.

கவனமாகச் செய்ய வேண்டிய வேலை என்பதை மறுக்கவில்லை. புதிதாக 40 என்ற பிரிவைச் சேர்க்கும்போது "அலவ்ட் விலேன்" என்பதற்குப் பின் "ஆட்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுக்க அழிந்து 40 மட்டும் நிற்கும்; மாடிக் கட்டடம் மொத்தமும் படுத்துவிடும். எல்லாம் முடித்துவிட்டுச் சேமிக்காமல் கிளம்பினால், அடுத்த கரண்ட் கட்டில் செய்ததெல்லாம் போய்விடும். நம் ஊரில் அந்த அடுத்த கரண்ட் கட்டுக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இவை தொழிலைக் கற்றவன் கவனித்துக்கொள்ளும் விஷயங்கள். போர்வெல் ரிக்கை ஆயிரம் அடிக்கு இறக்கித் தண்ணீர் எடுக்கும் ஊர்க்காரர்கள் ஐந்து வரிக் கட்டளையைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்றால் நான் நம்பமாட்டேன்.

ஐந்தாவது பதில் கொஞ்சம் படித்தவர்களுடையது: "விலேன் பாதுகாப்பே இல்லைங்க சார், அதை உடைக்கலாம்."

இதில் விஷயம் இருக்கிறது, ஆகவே மரியாதையோடு பதில் சொல்கிறேன். மார்க் இல்லாத மூட்டை ட்ரங்கில் வந்தால் அதை ஒரு குறிப்பிட்ட பிரிவில் போட வேண்டும். அதற்கு நேட்டிவ் விலேன் என்று பெயர். கம்பெனியில் அமைத்து அனுப்புவது எண் 1. விஷமக்காரன் ஒருவன் அந்தப் பிரிவில் இருந்தால், தன் மூட்டையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சீட்டு ஒட்டி அனுப்புவான். முதல் ஸ்விட்ச் மேல் சீட்டைக் கிழிக்கும். இரண்டாவது ஸ்விட்ச் அடிச் சீட்டைப் படித்து, போகக்கூடாத குடோனில் இறக்கிவிடும். இது நடக்கக்கூடியதே. அதற்குத்தான் மேலே 999 என்று யாரும் குடியிராத எண்ணை நேட்டிவாக வைத்தேன். அதோடு, ஆள் உட்காரும் போர்ட் எல்லாவற்றையும் ஆக்சஸ் என்று உறுதியாக எழுதி, சும்மா கிடக்கும் போர்ட்டுகளை அணைத்து வைத்தால் முக்கால்வாசிக் கதவு மூடிவிடும். மீதிக்கு ரூட்டரில் சட்டம், நல்ல பாஸ்வேர்டு, அப்டேட், தனியாக எடுத்து வைத்த பேக்கப். விலேன் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. பூட்டை உடைக்கலாம் என்பதற்காகக் கதவே வைக்காமல் வீடு கட்டுகிறவர் யாரும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பாதுகாப்பை விடுங்கள், தினசரி ஓட்டத்துக்கே பிரிப்பது தேவை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையில் எந்தத் திருடனும் வரவில்லை. ஸ்விட்சோடு ஸ்விட்சாகக் கோத்துக்கொண்டே போன நெட்வொர்க், ஒரு நாள் தன் பாரம் தாங்காமல் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொண்டது. சுமார் நான்கு நாள் காகிதத்தில் வைத்தியம் பார்த்தார்கள். நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றிலும் இதன் சின்ன வடிவத்தை நேரில் பார்த்தேன். யாரோ ஒரு கேபிளின் இரு முனையையும் சுவரில் இருந்த இரண்டு ஓட்டையிலும் செருகிவிட்டார். அவ்வளவுதான். லேப், நூலகம், பரீட்சைப் பிரிவு, ஃபீஸ் கவுண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. கொல்லிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து மகளுக்கு ஃபீஸ் கட்ட வந்த ஒருவர் சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விலேன் மட்டும் போட்டிருந்தால் அந்தச் சுழல் வந்தே இருக்காது என்று சொல்லமாட்டேன். அதைத் தடுக்க ஸ்பானிங் ட்ரீ என்ற வேறு ஏற்பாடு அந்த ஸ்விட்சிலேயே இருக்கிறது, அதையும் யாரும் ஆன் செய்யவில்லை. ஆனால் இரண்டும் இருந்திருந்தால் அந்த மனிதர் பத்து மணிக்கே ரசீது வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இன்னொரு இடம் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சொந்தக்காரப் பெண்ணின் சேர்க்கைக்காக ஒரு விடுதிப் பள்ளிக்குப் போயிருந்தோம். காத்திருக்கும் அறையில் பெற்றோருக்கு வைஃபை. செல்போனில் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் சாதாரண செயலி ஒன்று வைத்திருக்கிறேன், பழைய வேலையின் பழக்கம். பட்டியல் திறந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்கள், முதல்வர் அறை பிரிண்டர், அதற்குக் கீழே வரிசையாகக் கேமராக்கள். அதில் சிலவற்றின் பெயர் "பெண்கள் விடுதி" என்று ஆரம்பித்தது. எதையும் தொடாமல் செயலியை மூடிவிட்டு, நிர்வாகியிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கெல்லாம் பாஸ்வேர்டு இருக்குங்க ஐயா" என்றார். கேமரா போட்டவர் மாற்றினாரா என்று கேட்டேன். "அது அவருக்குத்தான் தெரியும்" என்றார்.

எத்தனை பெண் குழந்தைகள், எத்தனை அப்பா அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ். வாசலில் செக்யூரிட்டி, பெற்றோருக்கே அடையாள அட்டை, பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. ஆனால் விடுதி வராந்தாவின் கேமராவும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் செல்போனும் ஒரே கொட்டகையில். இதற்குக் கோபப்படாமல் வேறெதற்குக் கோபப்படுவது?

யார் மேல் குற்றம்? பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி, மலிவாகக் கேட்டவருக்கு வேலை கொடுக்கும் முதலாளி மேல் முதலில். கேபிள் இழுக்கும் தம்பிக்குப் பாயின்ட் கணக்கில்தான் கூலி. அரை நாள் உட்கார்ந்து விலேன் எழுதினால் அவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? அடுத்தது டெண்டர் எழுதுகிறவர்கள். "24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச்" என்று எழுதி, அதிக விலை கொடுத்து வாங்கி, பெட்டியைப் பிரித்துச் செருகிவிட்டு அத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். உள்ளே எல்லாப் போர்ட்டும் விலேன் 1இல் பிறந்த கோலத்தில் கிடக்கிறது. டிராக்டர் வாங்கி அதைக் கையால் தள்ளுகிற கதை. "எத்தனை பிரிவு, எந்தப் போர்ட் எதற்கு, வரைபடம் கொடுத்த பிறகே பணம்" என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்க என்ன தடை?

கல்லூரிகளையும் விடமாட்டேன். நம் இரண்டு மாவட்டத்திலும் இன்ஜினியரிங் கல்லூரிக்கா பஞ்சம்? விலேன் என்றால் விரிவாக்கம் எழுது, இரண்டு மார்க். எழுதிவிடுகிறான். கன்சோல் கேபிளைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியவில்லை. சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, நிஜ ஸ்விட்ச் இல்லாமலே வீட்டில் உட்கார்ந்து பழகலாம். ஒரு செமஸ்டரில் பத்து மணி நேரம் போதும். இந்த ஊரிலேயே எத்தனை ஆஸ்பத்திரி, பள்ளி, மில், பண்ணை இந்த வேலைக்கு ஆள் இல்லாமல் கிடக்கிறது! பையன்களோ பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்கள்.

சட்டமும் வந்துவிட்டது என்பதை முதலாளிகளுக்கு நினைவுபடுத்துகிறேன். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2023இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அவ்வளவும் உங்கள் தலையில் விழும் என்று பயமுறுத்தவில்லை. "எனக்குத் தெரியாது, கேமராக்காரருக்குத்தான் தெரியும்" என்ற பதில் இனிமேல் செல்லாது என்று சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பள்ளித் தாளாளர், டாக்டர், பண்ணைக்காரர், மில் முதலாளி இருப்பீர்கள். இல்லையென்றால் அவர்களின் சம்பந்தி, பங்காளி இருப்பீர்கள். அடுத்த தடவை நெட்வொர்க் ஆள் பில்லை நீட்டும்போது மூன்றே கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எத்தனை விலேன் போட்டிருக்கிறீர்கள், எந்தப் போர்ட் எதில் இருக்கிறது? காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு: விருந்தாளி வைஃபையில் என் செல்போனை இணைக்கிறேன். கேமராவோ கணக்கு சர்வரோ தெரிகிறதா? என் கண் முன்னால் காட்டுங்கள்.

மூன்று: ஸ்விட்சின் பாஸ்வேர்டும் சேமித்த அமைப்பின் நகலும் எங்கே? என் பீரோவில் இருக்க வேண்டும், உங்கள் செல்போனில் மட்டும் அல்ல.

மூன்றுக்கும் பதில் வந்தால் பேசிய தொகைக்கு மேல் ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தம்பி அதற்குத் தகுதியானவர். பதில் வராவிட்டால் பில்லை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேலை முடிஞ்சதும் வாங்க தம்பி" என்று சொல்லி அனுப்புங்கள்.